பாஸ்வேர்டை எழுதிக் குடுத்துட்டுப் போங்க

மாவட்ட நீதிமன்றத்துக்கு எதிர்த் தெருவில் பதினாறு வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். வாடகை ஒப்பந்தம், பெயர் மாற்ற விண்ணப்பம், வாரிசுச் சான்றுக்கான மனு எல்லாம் என்னிடம் வரும். ஆனால் என் வருமானத்தில் பாதிக்கு மேல் பெண்கள் தாக்கல் செய்யும் மனுக்களிலிருந்துதான் வருகிறது. ஜீவனாம்சம், விவாகரத்து, 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு கேட்கும் மனுக்கள். வழக்கறிஞர் குறிப்பு எழுதி அனுப்புவார். அதில் ‘உடல்ரீதியாகவும் மனரீதியாகவும் துன்புறுத்தினார்’ என்று ஒரே வரி இருக்கும். அது எந்தத் தேதியில், எந்த அறையில், எதைக் கொண்டு நடந்தது என்பதை அந்தப் பெண் என் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வாள். நான் தட்டுவேன். நடுவில் நிறுத்தி, “இதெல்லாம் போடணுமாக்கா?” என்று கேட்பாள்.

போட்டதும், போட வேண்டாம் என்று எடுத்துவிட்டதும் என் மடிக்கணினியில் இருந்தன. அது என் மகளுக்குப் பிளஸ் டூவில் அரசுப் பள்ளி கொடுத்த விலையில்லா மடிக்கணினி. மூடியில் கோபுர முத்திரை. நர்சிங் படிக்க வெளியூர் போனவள், “நீ வச்சுக்கோம்மா, உனக்குத்தான் வேலைக்கு வேணும்” என்று விட்டுப் போனாள். ஐந்து வருடம் எனக்குச் சோறு போட்டது அதுதான்.

2023 ஜூனில் அது சத்தம் போட ஆரம்பித்தது. ‘டிக்’ என்று ஒரு சத்தம், சிறிது இடைவெளி, மறுபடியும் ‘டிக்’. திறந்து வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். கோப்பைச் சேமிக்கச் சொன்னால் அப்படியே உறைந்து நிற்கும். வன்தட்டின் உடல்நிலையைச் சொல்லும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டியது. தட்டின் சில பகுதிகளைப் படிக்க முடியவில்லை என்று அதற்கு அர்த்தம்.

கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மரியாதையான ஆள்தான். காதை வைத்துக் கேட்டுவிட்டு, “ஹார்டு டிஸ்க் போச்சு மேடம். மாத்தி, சாஃப்ட்வேர் எல்லாம் போட்டு 6,500 ஆகும். ரெண்டு நாள் ஆகும். பாஸ்வேர்டை எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்றார். ரசீதுப் புத்தகத்தில் அதற்கென்று ஒரு கட்டமே இருந்தது. எனக்கு முன்னால் வந்தவர்களின் கடவுச்சொற்கள் கார்பன் நகலில் வரிசையாகத் தெரிந்தன. பாதி பிள்ளைகளின் பெயர்கள். தட்டை மாற்ற எதற்குக் கடவுச்சொல் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “வீட்ல சார் இருந்தா அனுப்புங்க மேடம், அவர்கிட்ட விளக்கமா சொல்றேன்” என்றார்.

என் வீட்டில் சார் இல்லை. பன்னிரண்டு வருடமாக இல்லை. கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

அந்தக் கடைக்காரர் திருட்டு எண்ணத்தோடு கேட்டார் என்று நான் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் கணினி திறக்கிறதா என்று பார்ப்பதற்காகவே கேட்டிருக்கலாம். ஆனால் என்னிடம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிய பெண்கள் என்னிடம்தான் பேசினார்கள். அவர்கள் சொன்னதை இரண்டு நாள் இன்னொருவர் மேஜையில் திறந்து வைக்கும் உரிமையை அவர்கள் யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. எங்கள் ஊர் சிறியது. கடைக்காரருக்குத் தெரிந்தவர்களில் ஒரு கணவர் இருப்பார், ஒரு மைத்துனர் இருப்பார்.

இந்தப் பயம் வெறும் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். 2008இல் ஹாங்காங்கில் ஒரு நடிகர் பழுதுபார்க்கக் கொடுத்த மடிக்கணினியிலிருந்து அவருடைய அந்தரங்கப் படங்கள் ஊரெல்லாம் பரவின. நகலெடுத்த கடை ஊழியருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்தப் படங்களில் இருந்த நடிகைகள்தான் பல வருடம் பத்திரிகைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது, 2022இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை. மடிக்கணினிகளில் ஒலி வராதபடி ஒரு சின்னக் கோளாறைத் தாங்களே உண்டாக்கி, உள்ளே யார் எதைத் திறக்கிறார்கள் என்று பதிவாகும் ஏற்பாட்டோடு கடைகளில் கொடுத்தார்கள். பாதிக் கணினிகள் ஆணுடையவை போலவும் பாதி பெண்ணுடையவை போலவும் இருந்தன. அவற்றில் 6 கடைகளில் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். பெண்ணுடையவை என்று தோன்றிய கணினிகளில்தான் அது அதிகம் நடந்தது. ஒலிக் கோளாறைச் சரிசெய்ய யாருடைய படத்தையும் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

நம் வீடுகளில் கடவுச்சொல்லின் கதை இதைவிடப் பழையது. ஒரு காலத்தில் மாமியார் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. மருமகள் அரிசி எடுக்கவும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இன்று மருமகளின் கைபேசியில் அவள் கணவனின் கைரேகையும் பதிவாகியிருக்கிறது. “எங்களுக்குள்ள ஒளிவுமறைவே இல்ல, என் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும்” என்று பெருமையாகச் சொல்லும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவருடைய கடவுச்சொல் உனக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. என் நாற்காலிக்கு வந்த பிறகு அவர்களே சொல்வார்கள்: யாரிடம் பேசினாள், எங்கே நின்றாள் என்பதையெல்லாம் கைபேசியே காட்டிக்கொடுத்தது என்று.

இரண்டு நாள் யோசித்தேன். அப்போது தட்டச்சுப் பயிலகத்தின் ஞாபகம் வந்தது. தமிழ் ஹையர் பரீட்சைக்குப் பயிற்சி எடுத்த இடத்தில் பன்னிரண்டு இயந்திரங்கள் இருந்தன. காலை ஆறு மணி வகுப்பில் எல்லோரும் பெண்கள். தட்டச்சு பெண்களுக்கு ஏற்ற வேலை, விரல் மென்மையானது, பொறுமை அதிகம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். ஆனால் ஒரு எழுத்துக் கம்பி சிக்கிக்கொண்டால் நாங்கள் தொடக் கூடாது. வாரம் ஒருமுறை மெக்கானிக் பையும் எண்ணெய்க் குப்பியுமாக வருவார். அவர் மூடியைக் கழற்றும்போது நாங்கள் எழுந்து சுவரோரம் நிற்போம். அதே மென்மையான விரல் அங்கே மட்டும் எதற்கும் உதவாது.

உலகம் முழுக்கவே இப்படித்தான் பிரித்திருக்கிறார்கள். கணினியின் நினைவகத்துக்கும் பெண்களின் கைக்கும் உள்ள உறவு பழையது. 1960களில் நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலத்தின் கணினிக்கான நிரல் அமெரிக்காவில் வால்தம் நகரத்து ரேத்தியான் தொழிற்சாலையில் கையால் நெய்யப்பட்டது. செப்புக் கம்பி ஒரு காந்த வளையத்துக்குள் புகுந்து போனால் 1, வெளியே ஒதுங்கிப் போனால் 0. பெண் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் ஊசியால் கோத்தார்கள். பொறியாளர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் ‘கிழவிகளின் நினைவகம்’.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை ஓடிய நோக்கியா ஆலையில் கைபேசிகளைக் கோத்துக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். அது மூடிய பிறகு அந்த வட்டாரத்தில் வந்த ஆலைகளிலும் அப்படித்தான். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் நோயில் விழுந்தபோது சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்து மறித்தவர்களும் அப்படிப்பட்ட பெண்கள்தான். ஆனால் அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் சென்னை ரிச்சி தெருவில் அதே கைபேசியைத் திறந்து பழுது பார்க்கும் மேஜைகளில் ஒரு பெண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். திருகாணியை முடுக்குவது பெண்ணின் வேலை. கழற்றுவது ஆணின் வேலை. முடுக்குவதற்குக் கூலி, கழற்றுவதற்கு மரியாதை.

எங்கள் தெருவிலேயே அப்படி ஒருத்தி இருந்தாள். அந்தப் பக்கத்து ஆலையொன்றில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணமாகி வந்தவள். இடுப்பில் கைக்குழந்தை. அவளிடம் போய், “ஒரு லேப்டாப்பைத் திறக்கணும், கூட இருக்கியா?” என்று கேட்டேன். கண்ணை அகல விரித்தாள். “நான் செல்போன்தான்க்கா பாத்திருக்கேன். அதுவும் மூடுறதுதான். தெறந்தா செக்யூரிட்டி பிடிச்சிருவான்” என்றாள். பிறகு அவளே, “மூடத் தெரிஞ்சவளுக்குத் தெறக்கத் தெரியாதா? வாங்கக்கா, பாப்போம்” என்றாள்.

தயாரிப்புகளை வாரக் கடைசிக்குள் முடித்தேன். 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். பழைய வன்தட்டில் நிமிடத்துக்கு 5,400 முறை ஒரு தட்டு சுற்றும், அதன் மேல் ஒரு முள் தொடாமல் மிதந்து படிக்கும். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, மிதப்பதும் இல்லை, எல்லாம் சில்லுகள். அளவு இரண்டுக்கும் ஒன்றுதான், இணைப்பும் ஒன்றுதான், அதனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தும். கூடவே பழைய தட்டை வெளியிலிருந்து பொருத்திப் படிக்க ஒரு யுஎஸ்பி கேபிள், சின்னத் திருப்புளி செட் ஒன்று. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தோழியின் கணினியில் இரண்டு பென்டிரைவ்கள் தயார் செய்தேன். ஒன்றில் லினக்ஸ் மின்ட், இன்னொன்றில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸ் 10.

கணினியைத் திறக்கும் முன் லினக்ஸ் பென்டிரைவிலிருந்து இயக்கினோம். அப்படிச் செய்தால் சாகக் கிடக்கும் தட்டுக்கு விண்டோஸைத் தூக்கிச் சுமக்கும் வேலை மிச்சம். கோப்புகளை வெளித் தட்டுக்கு நகலெடுத்தோம். வெள்ளிக்கிழமைதோறும் நான் பிரதி எடுத்துவிடுவதால் கடைசி வார வேலைதான் கவலை. அதில் மூன்று கோப்புகள் படிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தன. ஒன்று வாடகை ஒப்பந்தம். ஒன்று பெயர் மாற்ற விண்ணப்பம். மூன்றாவது, திங்கட்கிழமை ஒரு பெண் மூன்று மணி நேரம் உட்கார்ந்து சொன்ன பதினான்கு பக்கம்.

அந்தப் பதினான்கு பக்கம் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அதைக் காவல் நிலையத்தில் ஒருமுறை சொல்லிவிட்டாள். பாதுகாப்பு அலுவலரிடம் ஒருமுறை, வழக்கறிஞரிடம் ஒருமுறை, என்னிடம் ஒருமுறை. நீதிமன்றத்தில் இன்னும் சொல்லவிருக்கிறாள். கோப்பு போனால் கணினிக்காரர்கள் ‘டேட்டா லாஸ்’ என்பார்கள். எனக்கு அது, அவளைக் கூப்பிட்டு ‘மறுபடியும் முதலிலிருந்து சொல்லம்மா’ என்று கேட்பது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழந்தை தூங்கியதும் உட்கார்ந்தோம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டேன். திருப்புளியை எடுக்கப் போனேன், அவள் கையைத் தட்டினாள். “மொதல்ல கையை எர்த் பண்ணுங்கக்கா. எங்க லைன்ல மணிக்கட்டுல பட்டை கட்டாம யாரையும் உக்காரவே விட மாட்டாங்க.” உடம்பில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் ஒரு தொடுதலில் சில்லைக் கெடுத்துவிடும் என்று சொன்னாள். ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தோம். பின்மூடியில் பத்துத் திருகாணிகள். எல்லாம் ஒரே நீளம் இல்லை. நான் அஞ்சறைப் பெட்டியைக் கழுவித் துடைத்து வைத்திருந்தேன். எந்த மூலையிலிருந்து வந்தது எந்தக் கிண்ணத்தில் என்று அவள் வரிசையாகப் போட்டாள். கடுகுக் கிண்ணத்தில் மூன்று, சீரகக் கிண்ணத்தில் இரண்டு. மூடியின் ஓரத்தில் பழைய ஏடிஎம் அட்டையைச் செருகி மெதுவாக நெம்பினோம். ‘டப்’ என்று ஒரு கொக்கி விட்டது. இருவருக்கும் உயிரே போய்விட்டது. பிறகு அடுத்த கொக்கி, அடுத்தது.

உள்ளே அவ்வளவுதான். தூசி படிந்த ஒரு மின்விசிறி, கறுப்பாக ஒரு பேட்டரி, மூலையில் ஒரு நோட்டு அட்டை அளவுகூட இல்லாத வன்தட்டு. முதலில் பேட்டரி இணைப்பை விலக்கினோம். வன்தட்டை நான்கு திருகாணிகள் ஒரு தகரச் சட்டத்தில் பிடித்திருந்தன. கழற்றி, பக்கவாட்டில் இழுத்ததும் வந்துவிட்டது. அதே சட்டத்தில் புதியதை வைத்து, அதே இடத்தில் தள்ளினோம். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம். அவள் தட்டை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இதுக்குத்தானாக்கா ஆறாயிரத்து ஐந்நூறு?” என்றாள்.

மென்பொருளைத் திரும்பப் போடுவதில் கைவேலை குறைவு, காத்திருத்தல் அதிகம். பென்டிரைவிலிருந்து விண்டோஸை நிறுவினேன். உரிம எண் கேட்ட இடத்தில் ‘என்னிடம் இல்லை’ என்பதை அழுத்தினேன். விண்டோஸ் 10இன் உரிமம் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும். தட்டை மாற்றினாலும் இணையத்தில் இணைந்ததும் அது தானாகவே அடையாளம் கண்டுகொண்டது. ‘சாஃப்ட்வேர் போட’ என்று கடையில் சொன்ன தனிக் கட்டணம் இதற்குத்தான்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு கட்டம் உண்டு. என் பழைய மனுக்கள் யூனிகோடுக்கு முந்தியவை, சில பாமினி எழுத்துருவில், சில வானவில்லில். புதிய கணினியில் அவற்றைத் திறந்தபோது ‘அம்மா’ என்ற சொல் சின்ன ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஒரு அரைப்புள்ளியுமாக நின்றது. எழுத்துருக்களைத் தனியாக நகலெடுத்து வைத்திருந்தேன். அவற்றை நிறுவியதும் பக்கம் முழுக்கத் தமிழானது. நீங்கள் பழைய கோப்புகள் வைத்திருப்பவர் என்றால் கோப்போடு எழுத்துருவையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் பத்திரமாக இருக்கும், ஒன்றையும் படிக்க முடியாது.

அன்று இரவு பழைய தட்டை யுஎஸ்பி கேபிளில் மாட்டினேன். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு நிரல் இருக்கிறது. படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிடும். முரண்டு பிடிக்கும் பகுதிகளிடம் பிறகு திரும்பி வரும், மறுபடியும் வரும், எதுவரை எடுத்தது என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். அந்த மூன்று கோப்புகளை மட்டும் அதனிடம் விட்டேன். ராத்திரி முழுக்க ‘டிக், டிக்’ என்று கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். காலையில் இரண்டு கோப்புகள் முழுதாக வந்திருந்தன. வாடகை ஒப்பந்தம் வரவில்லை. வீட்டுக்காரர் வந்து இன்னொருமுறை சொல்லிவிட்டுப் போனார், அவருக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

மிச்சம் இருந்தது பழைய தட்டு. கோப்பை அழித்தால் அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டால் பிள்ளை வகுப்பைவிட்டுப் போய்விடுவதில்லை. வன்தட்டில் நாம் அழிப்பது பெரும்பாலும் அந்தப் பெயரைத்தான். மேலே வேறொன்று எழுதப்படும் வரை உள்ளே இருப்பது இருந்துகொண்டே இருக்கும், மீட்டெடுக்கும் நிரல்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. கடையில் மாற்றியிருந்தால் இந்தத் தட்டு அவர்களின் பழைய பொருள் பெட்டிக்குள் போயிருக்கும். நாங்கள் அதைக் கனத்த சாக்கில் சுற்றி, கொல்லைப்புறம் கொண்டுபோய்க் குழவிக் கல்லால் அடித்தோம். மடிக்கணினித் தட்டுகள் பலவற்றில் உள்ளே கண்ணாடி இருக்கும், அதனால்தான் சாக்கு. நான்காவது அடியில் உள்ளே சலசலவென்று நொறுங்கியது. அவள் கல்லை வாங்கி இன்னும் இரண்டு போட்டாள். எதை நினைத்துப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

புதிய தட்டில் மனுக்களை வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளால் பூட்டிய ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். கணினியே களவு போனாலும் அந்தப் பெட்டி திறக்காது. இனி ஒருநாள் தாய்ப்பலகை கெட்டு, நான் கடைக்குப் போகவேண்டி வரலாம். அப்போதும் எதைக் கொடுக்கிறேன், எதைக் கொடுக்கவில்லை என்று தெரிந்து கொடுப்பேன். எல்லாப் பெண்களும் எல்லாவற்றையும் தாங்களே பழுதுபார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி இல்லை. ஏற்கனவே நம் தலையில் இருக்கும் வேலை போதும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டவளிடம் ‘சாரை அனுப்புங்க’ என்று சொல்வது கடினம்.

பக்கத்து வீட்டுக்காரி இப்போது மாதம் இரண்டு மூன்று கணினிகள் திறக்கிறாள். எல்லாம் பெண்கள் கொண்டுவருபவை. உரிமையாளர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், கடவுச்சொல்லை அவரே அடிக்க வேண்டும் என்பது அவள் வைத்திருக்கும் விதி. குழந்தைக்குப் பால் வாங்கும் அளவுக்குக் கிடைக்கிறது என்கிறாள். அவள் கணவர் முதலில் முறைத்தார், பிறகு தன் கைபேசியின் சார்ஜிங் துளையைச் சுத்தம் செய்து தரச் சொன்னார்.

போன வாரம் ஒரு பெண் மனு கொடுக்க வந்தாள். இருபத்து நான்கு வயது. சொல்லி முடித்து, கையெழுத்துப் போடும் முன் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் சொன்னதெல்லாம் இதுக்குள்ளயே இருக்குமாக்கா?”

“இருக்கும்.”

“யாரும் பாக்க மாட்டாங்கல்ல?”

“பாக்க மாட்டாங்க” என்றேன்.